ஞாயிறு வாசிப்பு: கோவை வழக்கறிஞர் சி.கே.எஸ்.

உறுப்பினர்களுக்கு வணக்கம். வரும் ஞாயிறு மாலை 6 மணிக்குக் குழுவின் குரல் உரையாடலில் சிவக்கவிமணி சி.கே. சுப்பிரமணிய முதலியாரைப் பற்றிப் பேசுகிறோம். 1878இல் பிறந்து 1961இல் மறைந்தவர். கோவையில் வழக்கறிஞர் தொழில் பார்த்தவர்.

நீதிமன்றத்தில் அவர் வென்ற வழக்குகள் நம் பேச்சில் வராது. பகலெல்லாம் கட்சிக்காரர்களின் தாவாக்களோடு கழித்த ஒருவர், நாலாயிரத்துக்கும் மேற்பட்ட பாடல்கள் கொண்ட, சேக்கிழாரின் பெரியபுராணம் முழுமைக்கும் உரை எழுதினார் என்பதுதான் என்னை இழுக்கிறது. பக்தி மட்டும் இருந்தால் இது நடக்காது. பத்திரங்களை வரி வரியாகப் படித்த பழக்கமும் கை கொடுத்திருக்க வேண்டும். இது என் ஊகம், மறுக்கலாம். சேக்கிழார் ஒரு சொல்லை ஏன் அந்த இடத்தில் வைத்தார் என்று அவர் விடாமல் கேட்கும்போது, குறுக்கு விசாரணை நினைவுக்கு வருகிறது.

இன்னொன்று. கோவைச் சிறையில் வ.உ.சி. செக்கிழுத்த நாட்களில் அவருக்குத் துணைநின்றவர்களில் இவரும் ஒருவர். ஆங்கிலேய ஆட்சியின் நீதிமன்றங்களில் பிழைப்பு நடத்திய ஒருவருக்கு அது சிறிய துணிச்சல் அல்ல. திருநீறு பூசியவர்கள் உலகத்தை மறந்தவர்கள் என்று நினைப்பவர்களுக்காகவே இதைச் சொல்கிறேன்.

முதுமையில் துறவு பூண்டு சம்பந்த சரணாலயர் என்ற பெயர் பெற்றார்.

திருநாளைப்போவார் (நந்தனார்) புராணத்தின் உரைப்பகுதியைப் படித்துவிட்டு வாருங்கள். புத்தகம் இல்லாதவர்கள் சனிக்கிழமைக்குள் தெரிவியுங்கள், பக்கங்களைப் படம் எடுத்து அனுப்புகிறேன். காலை வணக்கப் படங்களை அன்று ஒரு நாளாவது தவிர்க்கவும்.