செயலாளரின் ஆண்டறிக்கை: பள்ளிப் பிள்ளைகளும் பழைய படங்களும்

தலைவர் அவர்களே, உறுப்பினர்களே, வணக்கம்.

ஒன்பது, பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு நல்ல பழைய படங்களைக் காட்டிப் பழக்குவது என்று சென்ற பொதுக்குழுவில் தீர்மானம் போட்டோம். "கறுப்பு வெள்ளைப் படத்தை இந்தக் காலத்துப் பசங்க உட்கார்ந்து பார்ப்பாங்களா?" என்று அன்றைக்கே கேட்டவர்கள் உண்டு. பார்த்தார்கள். முதல் தடவை மட்டும் பார்க்கவில்லை. அது அவர்கள் குற்றமில்லை.

முதல் படம் பராசக்தி, 1952 தீபாவளிக்கு வந்தது. அதை எடுத்த நேஷனல் பிக்சர்ஸ் பெருமாள் முதலியார் நம் வேலூர்க்காரர். கணேசன் என்ற புதுமுகத்தை மாற்றிவிடலாம் என்று பேச்சு வந்தபோது விடாப்பிடியாக நின்றவர். அந்த நன்றிக்காகச் சிவாஜி பொங்கல்தோறும் வேலூர் வந்துபோவது மூத்த உறுப்பினர்களுக்கு நினைவிருக்கும். இதையெல்லாம் சொல்ல ஆரம்பித்து, கலைஞர் வசனம், கிருஷ்ணன் பஞ்சு இயக்கம் என்று நீட்டி, படம் தொடங்கவே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. நீதிமன்றக் காட்சி வருவதற்குள் பள்ளி மணி அடித்தது; பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிட்டார்கள். பேசியது நான்தான். அதையும் பதிவு செய்துவிடுகிறேன்.

அப்புறம் முறையை மாற்றினோம். முதலில் படம், பிறகுதான் பேச்சு.

எஸ்.பாலசந்தர் இயக்கிய அந்த நாள் (1954) படத்தை ஒரு வார்த்தை முன்னுரை இல்லாமல் ஓடவிட்டோம். ஆரம்பத்திலேயே சிவாஜி சுடப்பட்டுச் சாகிறார். "ஹீரோவே போயிட்டாரா சார்?" என்று ஒரு குரல். சிறிது நேரம் கழித்து, "பாட்டு எப்ப வரும்?" வரவே வராது, பாட்டே இல்லாத படம். முடிவுக்குக் கொஞ்சம் முன்னால் நிறுத்தி, சுட்டது யார் என்று துண்டுச்சீட்டில் எழுதச் சொன்னோம். ஒரே கொலையை ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்களே, யார் சொல்வதை நம்புவது என்று அவர்களுக்குள்ளேயே சண்டை. இதை நான் மேடையில் விளக்கியிருந்தால் கொட்டாவிதான் வந்திருக்கும்.

ஆனால் இந்த ஆண்டின் படம் என்றால் டி சிக்காவின் பைசைக்கிள் தீவ்ஸ் (1948). இத்தாலி மொழி என்பதால் நம் உறுப்பினர் ஒருவர் பின்னால் நின்று மைக்கில் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கால் மணி நேரத்தில், "சார், சும்மா இருங்க, புரியுது" என்று நிறுத்திவிட்டார்கள். கதாநாயகனுக்குக் கிடைத்த போஸ்டர் ஒட்டும் வேலைக்குச் சைக்கிள் வேண்டும். அடகில் இருக்கிற சைக்கிளை மீட்க, மனைவி படுக்கை விரிப்புகளை உருவிக்கொண்டு போய் வைக்கிறாள். அடகுக்கடை ஆள் அந்த மூட்டையை எடுத்துக்கொண்டு, கூரை வரை அடுக்கிய மூட்டைகளின் மேல் ஏறுகிறான். "அத்தனையும் வேற வேற வீட்டுதா சார்?" என்றாள் ஒரு மாணவி. அவள் பக்கத்தில் இருந்தவள், "எங்க வீட்ல தோடு, அவங்க வீட்ல போர்வை" என்றாள். அதற்கு மேல் நான் என்ன சொல்ல?

ஓட்டல் காட்சியைச் சத்தத்தை அணைத்து இன்னொரு முறை போட்டோம். சிறுவன் புரூனோ தன் தட்டை விட்டுவிட்டுப் பக்கத்து மேஜைப் பணக்காரப் பையனையே பார்ப்பதை அப்போதுதான் பாதிப் பேர் கவனித்தார்கள். சத்தமில்லாமல் ஒரு காட்சி என்பதை இனி எல்லாப் படத்துக்கும் வழக்கமாக்கிக்கொள்ளலாம் என்பது செயற்குழுவின் கருத்து.

சத்யஜித் ரேயின் வங்காளப் படமான பதேர் பாஞ்சாலியை மார்ச்சில் வைத்தது தப்பு. ஜன்னலுக்குக் கறுப்புத் துணி கட்டிய அறை வேலூர் வெயிலில் அடுப்பு மாதிரி ஆகிவிட்டது. பாதியில் பலர் எழுந்து போனார்கள். ஆனாலும் சிறுவன் அப்புவும் அக்கா துர்காவும் நாணல் காட்டில் ஓடி ரயில் பார்க்கும்போது, காட்பாடியில் நாள் முழுக்க ரயில் பார்க்கிற பிள்ளைகள் மூச்சுக்கூட விடவில்லை. சாப்ளினின் மாடர்ன் டைம்ஸுக்குச் சொல்லவே வேண்டாம், ஒரே சிரிப்பு.

வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். புரொஜெக்டர் விளக்கு மங்கிவிட்டது, மாற்ற வேண்டும். வரும் ஆண்டு திரையிடல்களை ஜூலை முதல் ஜனவரிக்குள் முடிக்கவும், பராசக்தியை முன்னுரை இல்லாமல் மறுபடி போடவும் உத்தேசம். அறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்