லொறிச் சாரதிகள் சங்கம்: 2024ஆம் ஆண்டுக்கான செயலாளர் அறிக்கை

தலைவர் அவர்களுக்கும், வந்திருக்கிற அங்கத்தவர்களுக்கும், வராமல் இருந்துவிட்டு நாளைக்குப் போனில் "என்ன பேசினீங்க?" என்று கேட்கப்போகிறவர்களுக்கும் வணக்கம்.

வழமையானதை முதலில் முடித்துவிடுகிறேன். பொங்கலுக்குத் தரிப்பிடத்தில் பானை வைத்தோம். மே தினத்துக்குப் போய்வந்தோம். தீபாவளிக்குக் கிளீனர் பையன்களுக்குச் சாரம் கொடுத்தோம். மாதாந்தக் கூட்டங்களில் பாதி நடந்தது, மீதி ஆள் சேராமல் கலைந்தது.

இனி நிற்கிற லொறியில் என்ஜினை ஓடவிடுகிற விஷயம். வருஷம் பூராவும் இதைத்தான் பேசினேன் என்று சிலர் சலித்துக்கொள்வது காதில் விழாமல் இல்லை. பேச வேண்டியிருந்தது, பேசினேன்.

தம்புள்ளையிலும் பேலியகொடையிலும் மரக்கறி இறக்கிவிட்டு வெறும் லொறியோடு நுவரெலியாவுக்கு ஏறி வருகிறவர்கள் மறுநாள் லோட் வரும்வரை தரிப்பிடத்தில்தான் படுக்கிறார்கள். தை, மாசியில் இங்கே குளிர் எப்படி என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, புல்லெல்லாம் வெள்ளையாகக் கிடக்கும். அதனால் இராத்திரி முழுக்க லொறியை ஸ்டார்ட்டிலேயே போட்டு வைக்கிற பழக்கம் வந்துவிட்டது. வரிசையாகப் பத்து லொறி உறுமினால் கீழே லயத்தில், அதுதான் தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளில், இருக்கிற சனம் எப்படித் தூங்கும்? புகை நேராக அவர்கள் ஜன்னலுக்குத்தான் இறங்குகிறது. டீசல் புகை புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 2012இலேயே முடிவாகச் சொல்லிவிட்டது. லயத்திலிருந்து பெரியவர்கள் இரண்டு தடவை வந்து மரியாதையாகச் சொன்னார்கள். மூன்றாம் தடவை மரியாதையாக வரமாட்டார்கள் என்றுதான், நின்ற இடத்தில் ஐந்து நிமிடத்துக்கு மேல் என்ஜின் ஓடக்கூடாது என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்தேன். அது நிறைவேறியது. கை தூக்கினவர்களே அன்று இராத்திரி ஸ்டார்ட்டில் போட்டுவிட்டுப் படுத்தார்கள் என்பது வேறு கதை.

ஐந்து நிமிடம் என்பது நான் தூக்கத்தில் கண்டுபிடித்த கணக்கு இல்லை. அமெரிக்காவில் கலிபோர்னியாவில் பெரிய டீசல் லொறிகளுக்கு இதே ஐந்து நிமிடம்தான் சட்டம், உள்ளே படுக்கை வைத்த லொறிகளையும் 2008 முதல் அதில் சேர்த்துவிட்டார்கள். நம்முடைய வேலைக்கும் அது தாராளம். ஏற்றம் ஏறி வந்த டர்போ ஆற ஒன்றிரண்டு நிமிடம் போதும், காலையில் பிரேக்குக்குக் காற்று ஏறுகிற நேரத்தையும் அதற்குள் பார்த்துக்கொள்ளலாம். "பற்றரி வீக், நிப்பாட்டினா காலையில எடுக்காது" என்கிற அண்ணன்மார் பற்றரியை மாற்றுங்கள், எரிக்கிற டீசல் காசில் புதிதே வாங்கலாம். அமெரிக்காவில் நெடுந்தூரம் போகிற பெரிய லொறி சும்மா நின்றாலே மணிக்கு மூன்று லீற்றர் அளவில் குடிக்கிறது. நம் லொறிகள் சின்னவை, அவ்வளவு குடிக்காது, ஆனால் எட்டு மணி நேரம் என்று பெருக்கிப் பாருங்கள். இத்தனைக்கும் சும்மா ஓடுகிற டீசல் என்ஜின் சரியாகச் சூடே ஏறாது, கெபினுக்குள் வருகிற வெப்பமும் கொஞ்சம்தான். எரியாத டீசல் ஒயிலில் கலப்பதும் இன்ஜெக்டரில் கரி பிடிப்பதும்தான் மிச்சம். புகைப் பரிசோதனையில் தவறிவிட்டு மெக்கானிக்கைத் திட்டிப் பிரயோசனம் இல்லை.

2022 ஜூனில் டீசல் லீற்றர் 460 ரூபாய்க்குப் போனது, பிறகு தட்டுப்பாட்டில் கியூஆர் கோட் காட்டி, வாரக் கோட்டாவில் அளந்து அளந்து அடித்தோம். அந்த நாட்களில் எவராவது இராத்திரி ஸ்டார்ட்டில் போட்டுப் படுத்தீர்களா? மழையும் காற்றும் அப்போதும் இருந்தது.

சரி, சாரதி குளிரில் விறைக்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. யாழ்ப்பாணத்திலிருந்து வெங்காயம் கொண்டுவந்த ஒரு தம்பியைப் பார்த்தேன். தலையில் துவாயைச் சுற்றி, சாரத்துக்குள் காலை மடக்கி, கியர் லிவர் இடுப்பில் இடிக்க இரண்டு சீட்டிலும் குறுக்கே கிடந்தான். ஜன்னல் இடுக்கில் பழைய பனியனைத் திணித்திருந்தான், கண்ணாடியின் உட்பக்கம் தண்ணீர் ஓடியது. காலடியில் ஒரு கரிச்சட்டி! எழுப்பி வெளியே எடுக்க வைத்தேன். மூடின கெபினுக்குள் கரி எரிந்தால் வருகிற காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, தூங்கினவன் எழும்பமாட்டான். பைப் ஓட்டையான லொறியை ஸ்டார்ட்டில் போட்டுவிட்டுப் படுப்பதிலும் அதே ஆபத்து உண்டு.

இதற்காகத்தான் ஓய்வறை. தேத்தண்ணிக் கடைக்குப் பின்னால் இருந்த பழைய உர ஸ்டோரை வாடகைக்கு எடுத்து, பலகைக் கட்டில் அடித்து, குளிர் இறங்காமல் கூரைத் தகரத்துக்கு அடியில் ரிஜிபோம் அட்டை ஒட்டி, கம்பளியும் ஒரு கேத்தலும் வைத்திருக்கிறோம். போன் சார்ஜ் போட பிளக் உண்டு. சிரமதானத்துக்கு எல்லோருக்கும் சொன்னேன், வந்தவர்களை ஒரே கெபினில் ஏற்றியிருக்கலாம். வராதவர்கள்தான் இப்போது கட்டில் கட்டை என்கிறார்கள். "செயலாளர் லொறியில படுத்து எவ்வளவு காலம்?" என்று கேட்டவருக்கும் ஒரு வார்த்தை: நான் படுத்த காலத்தில் லொறிக்குக் கதவே ஒழுங்காகப் பூட்டாது. தரிப்பிடத்தில் ஒரு கழிவறைக்கும் ஒரு லைட்டுக்கும் உரிய அலுவலகத்துக்குக் கடிதம் கொடுத்தோம், "பார்க்கிறோம்" என்றார்கள், இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். சுருக்கமாக, வந்தது போனது, கொஞ்சம் கையிருப்பு இருக்கிறது, சில பற்றுச்சீட்டுகள் தேடப்படுகின்றன. சந்தா விஷயத்தில் பெயர் சொல்லமாட்டேன். மாதச் சந்தா ஒரு சோற்றுப் பார்சலை விடக் குறைவு, வருஷக்கணக்கில் கட்டாதவர்களில் இரண்டு லொறி வைத்திருக்கிற முதலாளிமாரும் உண்டு. அவர்களுடைய டிரைவர்கள்தான் ஓய்வறையில் முதல் ஆளாகப் படுக்கிறார்கள். படுக்கட்டும், அது அந்தப் பையன்களின் குற்றம் இல்லை.

தலைவருக்கும், பொருளாளருக்கும், சுடுதண்ணீருக்குக் காசு வாங்காத கடை அக்காவுக்கும், பொறுமையாக இருந்த லயத்துச் சனத்துக்கும் நன்றி.

அடுத்த வருஷம் கெபினுக்குத் தடித்த திரையும் கம்பளியும் மொத்தமாக வாங்கிக் கொடுக்கலாம், சந்தா வந்தால். தனியாக எரிகிற சின்ன டீசல் ஹீட்டர் மணிக்குக் கால் லீற்றர் அளவுதான் குடிக்கும், வாங்கக் கூடிய விலைக்குக் கிடைத்தால் ஒன்றைப் பொருத்திப் பார்க்கலாம், அதுவும் சந்தா வந்தால். செயலாளர் பதவிக்கு வேறு யாராவது வர விரும்பினால் எனக்குச் சந்தோஷம்தான். ஓய்வறைச் சாவி என்னிடம் இருக்கிறது, இன்றைக்கே தருகிறேன், கூடவே வாடகை பாக்கிச் சிட்டையையும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செயலாளர்