நஞ்சுக்கொடி எத்தனை?

ஆசிரியருக்கு,

கருத்தரிப்புச் சிகிச்சையில் மூன்று, நான்கு கருக்கள் தங்கிவிட்டால் என்ன செய்வது என்ற உங்கள் கட்டுரை, கருக்களின் எண்ணிக்கையோடு நின்றுவிட்டது. நஞ்சுக்கொடி எத்தனை என்பதை அது கேட்கவே இல்லை. சிகிச்சையின் போக்கே அதில்தான் இருக்கிறது.

11 முதல் 14 வாரத்துக்குள் எடுக்கும் ஸ்கேனில் இது தெரிந்துவிடும். இரு கருக்களின் பைகளுக்கு நடுவிலுள்ள சவ்வு நஞ்சுக்கொடியில் சேரும் இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே ஆப்பு செருகியதுபோல் முக்கோணமாகத் தடித்திருந்தால் தனித்தனி நஞ்சுக்கொடி. மெல்லிய நூல்போல வந்து செங்குத்தாக முட்டினால் இரண்டுக்கும் ஒன்றுதான். நாள் போகப்போக அந்த ஆப்பு மங்கிவிடும். ‘மூன்று கருக்கள், இதயத்துடிப்பு உண்டு’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால் அது பாதி ரிப்போர்ட். மீதியைக் கேட்டு வாங்குங்கள்.

“இரண்டு கருதானே வைத்தார்கள், மூன்று எப்படி?” என்று சோதனைக்குழாய் முறையில் கருத்தரித்த பலர் திகைக்கிறார்கள். வைத்ததில் ஒன்று உள்ளே இரண்டாகப் பிரிந்திருக்கும். அந்த ஜோடி பெரும்பாலும் ஒரே நஞ்சுக்கொடியைப் பகிர்ந்துகொள்ளும். ரத்தக் குழாய்கள் இணைந்திருப்பதால் ஒன்றின் ரத்தம் மற்றதற்குப் போகலாம். கொடுக்கும் குழந்தையின் பனிக்குடநீர் வற்றும். வாங்கும் குழந்தையின் பையில் நீர் பெருகி, இதயம் திணறும். அதனால்தான் 16ஆம் வாரம் முதல் 2 வாரத்துக்கு ஒரு ஸ்கேன். வயிறு திடீரெனப் பெருத்து இறுகினால் அடுத்த தேதிவரை காத்திருக்கக் கூடாது. இணைந்த ரத்தக் குழாய்களை அடைக்கும் லேசர் சிகிச்சைக்குக் காலம் தவறிவிடும்.

கருக்களைக் குறைப்பது ஒரே ஊசியில் முடிகிற காரியமும் அல்ல. கருவின் இதயத்தை நிறுத்தும் பொட்டாசியம் குளோரைடு ஊசி, தனி நஞ்சுக்கொடி உள்ள கருவுக்கே பொருந்தும். ஜோடியில் ஒன்றுக்குப் போட்டால் மருந்து மற்றதற்கும் போகும்; ரத்தம் வடிந்து அதன் உயிரோ மூளையோ பாதிக்கப்படும். அங்கே தொப்புள்கொடியின் ரத்த ஓட்டத்தை வெப்பத்தால் அடைக்க வேண்டும். எந்த முறையிலும் முழுக் கர்ப்பமும் கலையும் அபாயம் உண்டு. குறைக்காவிட்டால், மூன்று என்றால் சராசரியாக 32 வாரத்தை ஒட்டியும், நான்கு என்றால் 30 வாரத்தை ஒட்டியும் பிரசவமாகிவிடும். இரண்டையும் மறைக்காமல் சொல்லிவிட்டு, முடிவைத் தம்பதியிடம் விட வேண்டும். குறைக்க மனம் வராதவர்களைக் கடிந்துகொள்வது கொடுமை.

கட்டுரை வற்புறுத்தும் முழுப் படுக்கை ஓய்வு பிரசவத்தைத் தள்ளிப்போடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. காலில் ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடும். எல்லோருக்கும் கருப்பை வாயில் தையல் போடுவதாலும் பலன் இல்லை. 12ஆம் வாரத்திலிருந்து குறைந்த அளவு ஆஸ்பிரின், விடாத ரத்த அழுத்தப் பரிசோதனை, ரத்தசோகைக்கு மருந்து: இவை உதவும். குறைப்பிரசவம் நெருங்கினால் குழந்தைகளின் நுரையீரல் முதிர தாய்க்குப் பீட்டாமெத்தசோன் 12 மி.கி., 24 மணி நேர இடைவெளியில் இரு ஊசிகள். பிரசவ அறையில் ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு குழு, ஒரு வெப்பப் படுக்கை. அளவுக்கு மீறி விரிந்த கருப்பை சுருங்க மறுத்து ரத்தம் கொட்டும் என்பதால், தாய்க்கு ரத்தம் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும்.

கருவை வெளியே உருவாக்கி வைக்காமல், மருந்தால் முட்டையை வளர்க்கும் சிகிச்சையில், இவ்வளவையும் பெருமளவு தவிர்க்கக்கூடிய நாள் ஒன்று உண்டு: முட்டை வெடிக்க ஊசி போடும் நாள். அன்றைய ஸ்கேனில் 16 மி.மீ.க்கு மேல் மூன்று, நான்கு முட்டைப்பைகள் தெரிந்தால் ஊசியைப் போடக் கூடாது. முட்டை தானாகவும் வெடிக்கலாம் என்பதால், அந்த மாதம் ஆணுறை இல்லாமல் சேரவும் கூடாது. ஒரு மாதம் வீணாகிறதே என்று தம்பதி எவ்வளவு கெஞ்சினாலும் மருத்துவர் இளகக் கூடாது.

இப்படிக்கு,
ஒரு மகப்பேறு மருத்துவர்