வீட்டிலேயே கியர்பாக்ஸ் ஆயில் மாற்றுவோர் கவனத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

ஒற்றைப்படை, இரட்டைப்படை கியர்களுக்குத் தனித்தனி கிளட்ச் கொண்ட இரட்டை கிளட்ச் கியர்பாக்ஸின் ஆயிலை வீட்டிலேயே மாற்ற முற்படுவோர், தம் காரில் இருப்பது ஆயிலில் மூழ்கி இயங்கும் ஈர கிளட்சா, ஆயில் படாத உலர் கிளட்சா என்பதை முதலில் அறிய வேண்டும். ஃபோக்ஸ்வாகனின் டிக்யூ250 என்னும் 6 கியர் வகையில் கிளட்சுகள் ஆயிலிலேயே இயங்குவதால் தேய்மானத் துகள்கள் அதில் கலக்கின்றன. எனவே 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ஆயிலையும் ஃபில்டரையும் மாற்ற வேண்டும். உலர் கிளட்ச் கொண்ட டிக்யூ200க்கு இக்கணக்கு பொருந்தாது.

பழைய ஆயிலை வடிப்பது எளிது. அளவைச் சரிபார்ப்பதே சிக்கல். டிக்யூ250இல், வடிதுளைக்குள் இருக்கும் சிறு குழாயின் உயரமே சரியான அளவைக் காட்டுகிறது என்பதாலும், சூடேறினால் ஆயில் விரிவடையும் என்பதாலும், காரைச் சமமட்டமாக உயர்த்தி ஸ்டாண்டுகளில் நிறுத்தி, எஞ்சின் ஓடுகையில், ஆயிலின் வெப்பம் 35 முதல் 45 டிகிரி செல்சியசுக்குள் இருக்கும்போதே அதைப் பார்க்க வேண்டும். வெப்பத்தை அறிய, காரின் கணினியுடன் இணைத்து அளவீடுகளைப் படிக்கும் ஸ்கேனர் தேவை; தொட்டுப் பார்த்து ஊகிப்பது, ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் படுப்பதைப் போலவே, துணிச்சலல்ல, அசட்டுத்தனம்.

ஆயிலின் தரக்குறியீட்டையும் இந்த வெப்ப வரம்பையும் உரிமையாளர் கையேட்டிலேயே தமிழில் அச்சிட கார் நிறுவனங்கள் முன்வர வேண்டும்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர், கோவை