மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்த கணக்கு

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கரியமில வாயுவை வெளியிடுவதற்கு அரசு போடுகிற கார்பன் வரியைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நிலக்கரி, மின்சாரம், இரும்பு எல்லாவற்றையும் சொல்லியிருந்தீர்கள். நம் வீட்டு வாசலில் போடுகிற தார் ரோட்டைப் பற்றி மட்டும் ஒரு வரி இல்லை. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு தார்க்கலவை ஆலையின் எடைமேடையில் லாரிகளை நிறுத்து இருபத்திரண்டு வருஷம் சீட்டு எழுதியவன் நான். இதை எழுதாமல் இருக்க மனம் வரவில்லை.

தார் ரோட்டில் தார் நூற்றுக்கு ஐந்து பங்குதான். மீதியெல்லாம் ஜல்லி, மணல், கல்தூள். அவற்றைச் சுழலும் உருளையில் கொட்டி, தீயைப் பாய்ச்சி, ஈரம் போக உலர்த்தி, 150 டிகிரி வரைக்கும் அதற்கு மேலும் சூடாக்கினால்தான் தார் நன்றாகப் பிடிக்கும். ஆலை எரிக்கிற எண்ணெயில் பெரும்பகுதி இந்தத் தீக்குத்தான் போகிறது. ஒரு டன் கல்லில் ஒரு சதவீதம் ஈரம் இருந்தால் அது பத்து லிட்டர் தண்ணீர். அதை ஆவியாக்க மட்டும் சுமார் முக்கால் லிட்டர் டீசல் வேண்டும். மழையில் நனைந்து ஈரம் மூன்று சதவீதம் கூடிவிட்டால் இருபது டன் லாரி ஒன்றுக்கு 45 லிட்டர் கூடுதல் செலவு. ஒரு லிட்டர் டீசலுக்கு 2.7 கிலோ கரியமில வாயு. அப்படியானால் லாரிக்கு 120 கிலோ, வெறும் மழைத்தண்ணீரைக் கொதிக்கவைத்ததற்காக.

ஜனவரி மழைக்குப் பிறகு எங்கள் ஆலையைப் பார்த்திருக்க வேண்டும். புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெள்ளையாக ஆவி கிளம்பும். மணல் குவியலில் கையை விட்டால் சேறு மாதிரி ஒட்டும். காலையில் எண்ணெய்த் தொட்டியின் அளவுக்கோலைப் பார்த்து நானே ஒரு நோட்டில் குறித்து வைத்தேன். எத்தனை லிட்டர், எத்தனை டன், முந்தின நாள் மழையா இல்லையா, அவ்வளவுதான். நனைந்த நாளுக்கும் காய்ந்த நாளுக்கும் உள்ள வித்தியாசம் அதில் பளிச்சென்று தெரிந்தது. மணல் குவியலுக்கு ஒரு தகரக் கூரை போடச் சொல்லிக் கேட்டேன். பணம் ஒதுக்கவில்லை என்றார்கள். நான் ஓய்வு பெறும்வரை கூரை வரவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017-ல் வந்த விதிகளின்படி 10 மெகாவாட்டும் அதற்கு மேலும் எரிபொருள் எரிக்கும் திறன் உள்ள நிறுவனங்கள் வருஷா வருஷம் மார்ச் 31-க்குள் தாங்கள் வெளியிட்ட வாயுவின் கணக்கை அரசுக்குக் கொடுக்க வேண்டும். 2019-ல் ஒரு டன் கரியமில வாயுவுக்கு 120 ராண்டாகத் தொடங்கிய கார்பன் வரி 2025-ல் 236 ராண்ட் ஆனது. அதிலும் 60 சதவீதம் அடிப்படை விலக்காகவே கழிந்துவிடுகிறது. சரி, கணக்கு அரசுக்குப் போகிறது. ஆனால் அங்கே போய்ச் சேருவது நிறுவனத்தின் ஒரு வருஷ மொத்தக் கணக்கு. எந்த ரோட்டுக்கு எவ்வளவு, எந்த மாதம் மழையில் எவ்வளவு வீணானது என்று அதில் யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது.

எடைச்சீட்டில் பிரித்துப் போடலாம். லாரி எண், டன், கலவையின் சூடு எல்லாம் ஏற்கெனவே அந்தச் சீட்டில் ஏறுகின்றன. அன்றைக்கு டன்னுக்கு எத்தனை லிட்டர் எரிந்தது, மணலில் எவ்வளவு ஈரம், பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்த பொருள் எத்தனை பங்கு என்று இன்னும் மூன்று கட்டங்களைச் சேர்த்தால் போதும். டெண்டரில் நகராட்சி இதைக் கேட்டால் ஒரே மாதத்தில் எல்லா ஆலைகளும் எழுத ஆரம்பித்துவிடும்.

நம் ஊருக்கு இதெல்லாம் புதிதல்ல. சூட்டைக் குறைத்துத் தயாரிக்கும் கலவையை 2010 வாக்கிலேயே சாட்ஸ்வர்த் வழியாகப் போகிற ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் போட்டுப் பார்த்தார்கள். அதற்கென்று சபிடா என்ற தார்த்துறைச் சங்கம் 2011-ல் ஒரு கையேடும் வெளியிட்டது. அப்புறம் 2022 ஏப்ரல் வெள்ளம் வந்தது. அரித்துப்போன ரோடுகளை மறுபடி போட எத்தனையோ லாரி கலவை போயிருக்கும். அதற்கு எவ்வளவு கரியமில வாயு ஆனது என்று கேட்டால், ரோடு ரோடாகச் சொல்ல ஒரு சீட்டுகூட யாரிடமும் இருக்காது.

எங்கள் தெருவுக்கும் புதுத் தார் போடப்போவதாக வார்டு கூட்டத்தில் சொல்லியிருக்கிறார்கள். முதல் லாரி வருகிற அன்று வாசலில் நின்று சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்ப்பேன். கட்டங்களைச் சேர்க்கச் சொல்லி நகராட்சிக்கும் எழுதியிருக்கிறேன். பதில் வந்தால் உங்களுக்கும் அனுப்புகிறேன்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற எடைமேடை எழுத்தர்,
சாட்ஸ்வர்த், டர்பன்