மார்க்கம் ரோட்டிலிருந்து

ஸ்காபரோ, கனடா,
19.01.2025

அன்புள்ள அம்மாவுக்கு,

ஆசையம்மாவின் மகன் கொண்டுவந்த பார்சலோடு உங்கள் கடிதமும் கிடைத்தது. மிளகாய்த்தூள் துளியும் சிந்தவில்லை. போனில் கதைக்கும்போது தங்கச்சி பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால் நீங்கள் கேட்டதற்கெல்லாம் எழுதியே பதில் சொல்கிறேன். நான் நல்ல சுகம்.

எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறேன் என்று அப்பா கேட்டாராம். எங்களுக்குக் காங்கேசன்துறை வீதி எப்படியோ, எனக்கு இங்கே மார்க்கம் ரோட் அப்படி என்று சொல்லுங்கள். ஒன்ராறியோ ஏரிப் பக்கமிருந்து வடக்கே ஏறி, 401 பெருந்தெருவைக் கடந்து, மார்க்கம் நகருக்குள் போகிறது. அங்கே பக்கத்தில் ஒரு தெருவுக்கு வன்னி என்றே பெயர். வீடு, வேலை, தமிழ்க்கடை எல்லாம் எனக்கு இந்த ஒரே ரோட்டில்தான். முன்பு பஸ்ஸில் நகர எல்லையான ஸ்டீல்ஸ் சந்திக்கு அங்கால் போக இன்னொரு டிக்கெட் எடுக்க வேண்டும். போன வருஷம் பெப்ரவரியிலிருந்து ஒரே காசு, இரண்டு மணித்தியாலத்துக்குள் மாறி ஏறலாம். நேரம் தப்பினால் நடந்தே வந்துவிடுவேன். நடப்பது உடம்புக்கும் நல்லதுதானே.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. இடியப்பம், சொதி, சம்பல், கொத்துரொட்டி எல்லாம் கடையில் இருக்கிறது. முருங்கைக்காய் ஐஸ் பிடித்துத்தான் வரும், ஆனால் வரும். நான் வீட்டிலேயே சமைக்கிறேன். பருப்பும் சோறும் போதும்.

குளிரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அதைவிட எங்கள் மேல்வீட்டு ஜமேக்காத் தாத்தாவைப் பற்றித்தான் எழுத வேண்டும். ரோட்டுப் பனியை மெஷின் வழித்துக்கொண்டு போகும்போது அத்தனையும் பஸ் தரிப்பிடத்தில் மேடாகக் குவிந்து இறுகிவிடும். தாத்தா விடியற்காலையில் இரும்புச் சவளோடு போய், பஸ்ஸின் முன்கதவு வந்து நிற்கும் இடத்துக்கு நேரே படி வெட்டுவார். பிறகு பழைய கோப்பி டின்னிலிருந்து உப்பை அள்ளி, கோழிக்குத் தீன் போடுவதுபோல விசிறுவார். அவர் பஸ்ஸில் போகிறவர் இல்லை. யாரும் கேட்கவும் இல்லை, சம்பளமும் இல்லை. என்னைக் கண்டால் ஒரு தலையாட்டல், அவ்வளவுதான். அந்த உப்பு காய்ந்து என் சப்பாத்தெல்லாம் வெள்ளை.

ஓகஸ்ட் கடைசியில் இதே ரோட்டை மக்நிக்கல் சந்தியோடு மறித்துத் தமிழர் தெருவிழா வைப்பார்கள். 2015இல் தொடங்கியது. வாகனமே இல்லாத ரோட்டில் சனம் தோளோடு தோள் உரசிப் போகும்போது நல்லூர்த் தேர் நினைவு வந்துவிட்டது. மற்ற நாளெல்லாம் கார்தான். அம்மா, இவ்வளவு நீள ரோட்டில் “எங்கை போறாய் தம்பி” என்று கேட்க ஒருவரும் இல்லை. அங்கே இணுவிலிலிருந்து மருதனார்மடம் போவதற்குள் பத்துப் பேருக்குப் பதில் சொல்ல வேண்டும், எரிச்சலாக இருக்கும். பொங்கலன்று வேலை முடிந்து தரிப்பில் நின்றபோது யாராவது அப்படிக் கேட்க மாட்டார்களா என்று இருந்தது.

சரி, அதை விடுங்கள். கொண்டாவில் பகுதி சாதகம் பொருந்துகிறது என்று எழுதியிருந்தீர்கள். தங்கச்சியிடம் கேட்காமல் சொல் கொடுக்க வேண்டாம். அவள் படிப்பு முடியட்டும் என்றால் முடியட்டும். சீதனக் கதை எடுத்தால் என்னோடு கதைக்கச் சொல்லுங்கள்.

கூரைக் காசை மாசியிலும் பங்குனியிலும் பாதி பாதியாக அனுப்புகிறேன், அதுதான் வசதி. அப்பாவின் கண் ஒப்பரேஷனைத் தள்ளிப்போட வேண்டாம், அதற்கு முதலில் அனுப்புவேன்.

வேலிப் பிரச்சினையில் குஞ்சியப்பு சொன்னதற்காக விட்டுக்கொடுக்காதேயுங்கள். காணி உறுதி பெட்டகத்தில் இருக்கிறது. விதானையாரை வைத்துக் கதைத்து, சரிவராவிட்டால் நில அளவையாளரைக் கூப்பிட்டு அளப்பியுங்கள். அதுவரை கிழக்குப் பக்க வேலிக் கதியால் ஒன்றிலும் யாரும் கை வைக்கக் கூடாது.

இப்படிக்கு,
அன்பு மகன்