பழைய வழக்கும் கனடா விண்ணப்பமும்

ஆசிரியருக்கு,

கனடாவில் நிரந்தர வதிவிடம் கோருவோர் நிராகரிக்கப்படுவது குறித்துத் தங்கள் பத்திரிகையில் வந்த செய்தி, பழைய குற்றத்தீர்ப்பை மறைப்பதன் விளைவைச் சொல்லாமல் விட்டுவிட்டது. தீர்ப்பைவிட மறைப்பதே பெரும் கேடு. பொய்த்தகவல் கண்டறியப்பட்டால் 5 ஆண்டுகள் கதவு மூடப்படும். உண்மையைச் சொன்னவருக்கோ, தண்டனை முடிந்து 5 ஆண்டுகளின் பின், அந்தக் குற்றத்தால் வரும் நுழைவுத் தடையை நீக்கும் மறுவாழ்வு அங்கீகாரம் கோர வழியுண்டு. மதுபோதையில் வாகனம் ஓட்டியதைச் சின்ன வழக்கு என்று நம்மவர் நினைக்கிறார்கள். 2018 டிசம்பர் 18 முதல் கனடாச் சட்டத்தில் அதற்கு உச்சத் தண்டனை 10 ஆண்டுகள். எனவே அதன் பின் நடந்தவை பாரதூரமான குற்றத்துள் அடங்கும், காலம் கழிந்தாலே அந்தத் தடை தானாக நீங்குவதில்லை.

திருகோணமலையில் விண்ணப்பம் நிரப்ப உதவும் நாங்கள் அடிக்கடி காண்பது, மங்கிப்போன அபராதப் பற்றுச்சீட்டை மட்டும் கொண்டுவருவோரைத்தான். அதைத் தூக்கி எறியாதீர்கள். அபராதம் மட்டுமே தண்டனையானால், மறுவாழ்வுக்கான 5 ஆண்டுக் கணக்கு, பணம் கட்டிய நாளிலிருந்துதான் ஓடும். ஆனால் தீர்ப்பின் சான்றுப்படுத்திய பிரதியும், அதன் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பும் இன்றி அது போதாது. அந்தப் பிரதியைப் பெறும் முறையை நீதிமன்றப் பதிவாளர் அலுவலக வாசலில் தமிழில் எழுதி ஒட்ட அதிகாரிகள் முன்வர வேண்டும்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை